கண்ணை எடுத்து மாட்டிய வாரம்

என் வீட்டுக்காரருக்குச் சுவரில் ஒரு கை அகலம் இடம் வெறுமனே இருந்தால் பொறுக்காது. ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காலண்டர், கடிகாரம், குடை, டார்ச், போன வருஷத்துக் காலண்டர், கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கிளி, எதையாவது எடுத்து மாட்டியாக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. இவர் இந்தப் பக்கம் ஓர் அடி அடித்தால் அடுத்த வீட்டில் காரை உதிரும். அந்த வீட்டு மாமி வந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். வாசல் நிலைக்கு மேல் முழியைப் பிதுக்கிக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டிப் படம் இருக்கிறதே, அதுவும் இவர் மாட்டியதுதான். "ஊர்க் கண்ணெல்லாம் நம்மாத்து மேலதான்" என்பார். எதைக் கண்டு கண் போடப்போகிறார்களோ, எனக்கு விளங்கியதில்லை.

அவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தனக்கு மலையாளம் தலைகீழாகத் தெரியும் என்ற நினைப்பு. அவர் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். "மலையாளம்னா என்னடி பெரிய இது? தமிழையே கொஞ்சம் மூக்கால பேசினா மலையாளம்" என்பார். அந்தக் கடையில் முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். அதனால் இவர் சாயம் வெளுக்காமல் தப்பித்துவந்தது. ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "மழ மாறி" என்றாள். மழை விட்டுவிட்டது என்று அர்த்தம். இவர், "ஆமாமா, நல்ல மாரி" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். கூட நடந்த எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து திருத்தினால், "ரெண்டும் ஒண்ணுதாண்டி, நீ சும்மா இரு" என்று பதில்.

இதெல்லாம் வீட்டோடு போகிற கூத்து என்று நானும் விட்டுவைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம், ஃபோன் கம்பியிலேயே பிராட்பேண்ட் வந்த புதிதில், அது என் வேலையில் வந்து கைவைத்தது.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போன பிறகு நாங்கள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டோம். அம்மா இல்லை. நான் ஒரே பெண். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், கஞ்சி கரைத்து ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். அரை நாள்கூடத் தனியாக விட முடியாது. கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அப்போது நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கடகடவென்று பேசிப் பதிவு பண்ணி அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று போய் நின்றபோது எங்கள் மேடம், "வேண்டாம், வீட்டிலிருந்தே செய்" என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ பேர் கேட்டுக் கிடைக்காத சலுகை அது. கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே கம்ப்யூட்டர் வந்தது. ஹெட்ஃபோனைத் தொங்கவிட என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்தார். விடுவாரா?

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஹெட்ஃபோனைக் காதில் போட்டால்தான் நான் உயிரோடு இருப்பதாகவே எனக்குத் தோன்றும். மீதி நேரமெல்லாம் கஞ்சி, மூத்திரப் பை, டெட்டால். அந்த வேலை போனால் எனக்கு வெளியுலகம் என்று ஒன்று கிடையாது. வேறு எந்தக் கம்பெனியும் வீட்டில் உட்கார்ந்து செய்ய விடாது என்பதும் தெரியும்.

இவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பம்பாயில் இருக்கிறான். அவன் ஈமெயிலில் ஒரு மீன் தொட்டி அனுப்பினான். இலவசமாம். நான் சமையலறையில் இருந்த சமயம் பார்த்து இவர் அதைத் திறந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் திரை முழுக்கத் தண்ணீர் வந்துவிடும். அதில் ஆரஞ்சு மீன், கோடு போட்ட மீன், கூடவே குமிழி விடுகிற சத்தம். "அப்பாவுக்குப் பொழுது போகுமேன்னுதான்" என்றார். அப்பா அதைக் கண்கொட்டாமல் பார்த்தார் என்பது உண்மை. இவரோ தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மீனோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருத்தன் நம் திரையை அப்படியே பார்க்கலாம், நம் மௌஸை அங்கிருந்தபடியே நகர்த்தலாம், நம் ஃபைலைத் திறந்து படிக்கலாம், அப்படி ஒரு புரோகிராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், திரையில் அம்புக்குறி தானாக நடக்கிறது. நடந்துபோய் ஒரு நோயாளியின் குறிப்பைத் திறந்தது. மூடியது. அடுத்ததைத் திறந்தது.  "ஏன்னா, இங்க வாங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் அப்பாவே தலையைத் தூக்கிப் பார்த்தார். இவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "வோல்டேஜ் சரியில்லைடி" என்றார். வோல்டேஜாம்! நான் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மேடத்தின் ஃபோன். என் கணக்கிலிருந்து ஃபைல்கள் கன்னாபின்னாவென்று திறக்கப்பட்டிருக்கின்றன, நோயாளிகளின் விஷயம் வெளியே போனால் கம்பெனிக்கே ஆபத்து என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும். அன்றைக்குக் கம்பெனி ஆள் வந்து பார்ப்பான். அவன் சரி என்றால் வீட்டு வேலை தொடரும், இல்லையென்றால் கிடையாது. அதுவரைக்கும் நான் ஆபீஸுக்கு வந்து டைப் அடிக்க வேண்டும். மேடம் நல்லவள்தான், குரலை உயர்த்தவே மாட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று காலை நான் இவரைப் பேசிய பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "மீன் வேணுமாம், மீன்! நம்மாத்துல என்னிக்கு மீன் வாங்கினோம்?" என்று கத்தினேன். அவர் கடைக்கு ஃபோன் பண்ணி ஒரு வாரம் லீவு சொன்னார், அப்பாவைப் பார்த்துக்கொள்ள. அது நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. "என் வேலை இருக்கா போச்சான்னு தெரியறவரைக்கும் உங்களோட எனக்குப் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னேன். "ரசம் அடுப்புல இருக்கு" என்பேன் ஃபிரிட்ஜிடம். அவரும் ஃபிரிட்ஜிடமே "சரி" என்பார்.

எங்களுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் ஒருவர், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டிய வித்துராவிலிருந்து வருவார். வருவார் என்பது பேச்சுக்கு. ஃபோன் பண்ணினால், "தா, எத்தி" என்பார். இதோ வந்தாயிற்று என்று அர்த்தம். அந்நேரம் அவர் வித்துராவில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தத் திங்கட்கிழமை என்ன புண்ணியமோ, நிஜமாகவே வந்துவிட்டார். நான் ஆபீஸில். என் வீட்டுக்காரர்தான் கூட இருந்தார். வந்தவர் மீன் தொட்டியை அழித்தார், கூட வந்த குப்பையை அழித்தார், அந்தப் புரோகிராமையும் எடுத்தார். எடுத்தாலும் அது திரும்ப வந்தாலும் வரும் என்று அவருக்குச் சந்தேகம். அது உள்ளே இருந்தால் திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண் தெரியுமாம். தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். அதற்காக அதன் செட்டப் ஃபைலையே திரையில் ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். கண் இருக்கும்போது அந்த ஃபைலைத் தட்டினால், எடுக்கட்டுமா என்று கேட்கும். கண் இல்லாதபோது தட்டினால், போடட்டுமா என்று கேட்கும். விஷப் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகிற வேலை. ஆனால் அவருக்கு வித்துரா பஸ் போய்விடுமே, அந்த அவசரம். எனக்கு ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி இவ்வளவும் விளக்கினார். "சேட்டனோடும் பறஞ்ஞிட்டுண்டு" என்றார். வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன் என்று.

சாயங்காலம் வந்து திரையைப் பார்க்கிறேன், கடிகாரத்துக்குப் பக்கத்தில் கண். சின்னதாக, நீலமாக, என்னையே பார்த்துக்கொண்டு. "அடப்பாவி, அதுக்குள்ள வந்துட்டியா" என்று வாய்விட்டே சொன்னேன். ஃபைலைத் தட்டினேன், எடுக்கட்டுமா என்றது, எடு சனியனே என்று எடுத்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கண் போயிருந்தது. மறுநாள் காலையில் கிளம்புமுன் பார்த்தேன். இல்லை. நிம்மதியாகப் பஸ் ஏறினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடியும் கண். எடுத்தேன். அடுத்த நாளும் காலையில் இல்லை, சாயங்காலம் இருந்தது. எடுத்தேன். பகலில் யாரும் தொடாத கம்ப்யூட்டரில் இது எப்படி முளைக்கிறது? பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம் இதே யோசனைதான். ஒரு நாள் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

வீட்டில் கேட்கலாமே என்றால், பேச்சுதான் கிடையாதே. நான் படியேறினால் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். ஃபிரிட்ஜிடம், "கண்ணு விஷயம் என்னாச்சு?" என்று ஒரு தடவை கேட்டேன். "அவர் சொன்னபடியே தினம் பண்ணிண்டிருக்கேன்" என்று பதில் வந்தது.

அப்பா வேறு படுத்தினார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டுவார், வாசலைக் காட்டுவார், பிறகு தன் நெற்றியில் பட்டுப்பட்டென்று அடித்துக்கொள்வார். தன் தலையெழுத்தை நினைத்து அடித்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன். என்னால் இவளுக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று நொந்துகொள்கிறாராக்கும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒண்ணும் ஆகாதுப்பா, வேலை போகாது" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு இன்னும் பலமாக அடித்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆபீஸிலிருந்து ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவருக்கே ஆச்சரியம். "சேட்டன் எல்லா திவசமும் மாற்றுந்நுண்டல்லோ, என்னோடு விளிச்சுப் பறயுந்நுண்டு" என்றார். உங்கள் வீட்டுக்காரர் தினமும் அதை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், எடுத்ததும் எனக்கு ஃபோன் பண்ணியும் சொல்லிவிடுகிறார் என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகலில் அவரும் எடுக்கிறார், சாயங்காலம் நானும் எடுக்கிறேன், அப்படியும் வருகிறதென்றால் இது சாதாரணப் பிசாசு இல்லை. பாவம் மனுஷர், நான் வாய்க்கு வந்தபடி பேசியதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறார் என்று மனசு கொஞ்சம் இளகியது. அன்றைக்கு ஃபிரிட்ஜிடம், "அப்பளம் பொரிச்சிருக்கேன்" என்று கொஞ்சம் குழைவாகவே சொன்னேன். அந்த அப்பளத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் மேடம் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டாள், நாளைக்கு ஆள் வருகிறான், வீட்டில் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று. வாசல் கதவு திறந்தே இருந்தது. நான் வந்தது இவருக்குத் தெரியவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் மௌஸ். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன் ரிசீவர். எதிரே கட்டிலில் அப்பா, நெற்றியில் அடி அடி என்று அடித்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த ஃபைல், போடட்டுமா என்று கேட்டது. இவர், போடு என்று தட்டினார். மூலையில் கண் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் ஃபோனில் சொல்கிறார், மூக்கால்: "சாரே, இன்னிக்கும் கண்ணு காணும். ஞான் எடுத்து மாட்டி."

அந்தப் பக்கம் ரிப்பேர்க்காரர் சந்தோஷமாக, "ஆ, நன்னாயி, நன்னாயி" என்பது எனக்கே கேட்டது.

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மலையாளத்தில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்றால், "எடுத்து மாற்றணம்" என்பார்கள். எழுதினால் மாற்றணம். ஆனால் அவர்கள் வாயில் அந்த 'ற்ற' நுனிநாக்கில் 'ட்ட' மாதிரிதான் விழும். ரிப்பேர்க்காரர் திங்கட்கிழமை இவரிடம், "ஆ கண்ணு எடுத்து மாற்றணம், திவசமும் நோக்கணம்" என்று சொல்லியிருக்கிறார். தினமும் பார்த்து அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று. இவர் காதில் விழுந்தது, அந்தக் கண்ணை எடுத்து மாட்டணும், தினமும் பார்த்துக்கணும். இவரிடம் போய் மாட்டச் சொன்னால் கேட்கவா வேண்டும்! நான் ஆபீஸுக்குப் போன பிறகு வந்து பார்ப்பார். கண்ணைக் காணும், அதாவது காணவில்லை. மாட்டுவார். மாட்டிவிட்டேன் என்று ஃபோன் பண்ணுவார். அந்தப் பக்கத்தில் இருக்கிறவருக்கோ 'காணும்' என்றால் அங்கே இருக்கிறது, 'மாட்டி' என்றால் எடுத்தாயிற்று. கண் இருந்தது, எடுத்துவிட்டேன் என்று இவர் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார். ஆக, இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

"என்ன காரியம் பண்ணிண்டிருக்கேள்?" என்று நான் போட்ட சத்தத்தில் ரிசீவர் கீழே விழுந்தது.

"ஏண்டி கத்தறே? காவலுக்குக் கண்ணு மாட்டிண்டிருக்கேன்."

"காவலா?"

"பின்னே? வாசல்ல நம்ம மாட்டலையா, திருஷ்டிக்கு? அந்த மாதிரி கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு இருக்காக்கும்னு நெனச்சேன். அவர்தான் தெளிவாச் சொன்னாரே, எடுத்து மாட்டணும்னு. எந்தக் கடங்காரனோ தினம் வந்து கழட்டிண்டு போயிடறான். நானும் விடாம மாட்டிண்டேதான் இருக்கேன்."

"அந்தக் கடங்காரி நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான் தினம் சாயங்காலம் கழட்டிண்டிருக்கேன்! அது காவல் இல்லை, அதுதான் திருடன்! நீங்க தினம் கதவைத் திறந்து வெச்சு, வாடாப்பா வான்னு கூப்பிட்டிருக்கேள்! மாட்டியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, எடுத்து எறியச் சொன்னார்!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் அப்பா சிரிக்கிறார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பாதி வாய்தான் வளைந்தது, ஆனால் உடம்பெல்லாம் குலுங்கியது. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மலையாளம் நன்றாகத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டு, சொல்ல வாயில்லாமல் கிடந்திருக்கிறார். திரை, வாசல் நிலையில் இவர் மாட்டிய படம், நெற்றி: இங்கேயும் இவர் மாட்டுகிறார் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவரால் அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? எனக்கிருந்த ஆத்திரத்தில் அவரையும் ஒரு முறை முறைத்தேன்.

ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு நானே பேசினேன். அவர் கொஞ்ச நேரம், "அய்யோ, அய்யோ" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கண்ணை எடுத்தேன். அந்த செட்டப் ஃபைலை அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். பாஸ்வேர்டெல்லாம் மாற்றினேன். அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். கண் வரவில்லை. இவர் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபிரிட்ஜைப் பார்த்து, "சுத்தியலை எங்கயாவது கண்காணாத இடத்துல வெச்சா தேவலை" என்றேன். 

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தான். சின்ன வயசு, கெட்டிக்காரன். எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்துவிட்டு, இப்போது சுத்தமாக இருக்கிறது என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, திங்கட்கிழமை எடுத்த பிறகு இதை மறுபடி மறுபடி இங்கிருந்தே போட்டிருக்கிறதே, யார் போட்டது என்று மலையாளத்தில் கேட்டான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். மாட்டி என்கிற இடம் வந்ததும் அவன் சிரித்த சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வாசலுக்கு வந்து திருஷ்டிப் படத்தை அண்ணாந்து பார்த்து மறுபடியும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி கொடுத்தேன், குடித்தான். மேடத்திடம் சொல்கிறேன் என்று போனான். இவ்வளவு சிரித்தவன் கெடுதலாக என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்கூட.

சனிக்கிழமை காலையில் நான் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. ஃபோன் அடித்தது. இவர் போய் எடுத்தார். மேடம் என்று தெரிந்தது, ஏனென்றால் இவர் நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"ஆ, மேடம்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "ஆ" என்றார்.  நான் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டேன். கடைசியில் மெதுவாக, மூக்கால் பேசாமல், "மனசிலாயி" என்றார். புரிந்தது என்று அர்த்தம். ரிசீவரை வைத்தார்.

வைத்துவிட்டு உடனே வரவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்து ஆணியில் தொங்கிய ஹெட்ஃபோனின் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முறுக்கைப் பிரித்துத் திரும்ப அதே ஆணியில் மாட்டினார். பிறகுதான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, நான் முதுகு துடைக்கத் தோதாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்தான்" என்றார். "ஆத்துலேர்ந்து வேலை பண்றவா லிஸ்ட்லேர்ந்து உன் பேரை என்னமோ மாட்டின்னோ, மாத்தின்னோ சொன்னா. எனக்குச் சரியாப் புரியலை."

நான் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன்.

"எனக்கு எங்கடி மலையாளம் தெரியும்?" என்றார்.  "நீயே அப்பறமா ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோ."

லிஸ்டிலிருந்து மாட்டி என்றால் எடுத்தாயிற்று, வீட்டு வேலை போயிற்று என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தனக்கு மலையாளம் தெரியாது என்று இந்த மனுஷர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி, கேட்டுக்கறேன்" என்றேன். "திங்கக்கிழமை கேட்டாப் போறது."

அப்பாவின் முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, இரண்டு பேருமாகப் பிடித்துப் படுக்கவைத்தோம். கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். நான் ஃபிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்தேன், மூடினேன், திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காப்பி குடிக்கறேளா?" என்று கேட்டேன்.